பதினைந்து மில்லிமீட்டர் வெளியே

பதினைந்து மில்லிமீட்டர் ஒன்றும் பெரிய அளவில்லை, சுண்டுவிரல் அகலந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்டபாணி ஸ்கேலை முன் மட்கார்டின் விளிம்பில் வைத்து, மாட்டப்போகிற சக்கரம் எவ்வளவு வெளியே வரும் என்று மூன்றாவது முறையாக அளந்தார். முதல்முறை பதினைந்து, இரண்டாம் முறையும் பதினைந்து, மூன்றாம் முறை மட்டும் மாறிவிடவா போகிறது, ஆனாலும் அளக்கிற நேரத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சிங்காநல்லூர்ப் பட்டறையின் ஷட்டரைப் பாதிக்கு ஏற்றிவிட்டு, வேலையாட்கள் வராத நாளாகப் பார்த்து அந்தப் பெண்ணை வரச்சொன்னது அவர்தான். வண்டி நான்கு ஸ்டாண்டுகளின்மேல் சக்கரமில்லாமல் நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, மூக்கு நீண்ட, பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முன்பு சிவப்பு, இப்போது சாம்பல் நிறம். பெயிண்ட் மாற்றினால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்ன. இருபத்திரண்டு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை எழுப்பி, பொள்ளாச்சியில் பாடி வேலை முடித்து, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, சக்கரம் மாட்ட மட்டும் இவரிடம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் தாரணி, சிகாமணியண்ணன் மகள். கூடப் பிறந்த அண்ணன் இல்லை, பழக்கத்தில் அண்ணன். அண்ணன் இந்த வண்டியில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பார்க்கிறாள், ஆஃப்செட் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் போய் ஒட்டுகிற முகத்துக்கும் உள்ள தூரம், அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும், வண்டி கால் பரப்பி நிற்கிற பயில்வான் மாதிரி அகலமாகத் தெரியும். பழைய சக்கரத்துக்கு நாற்பத்தைந்து. அவள் வரவழைத்திருப்பது முன்னால் முப்பது, பின்னால் இருபத்தைந்து.

"பின்னால இருபது வெளிய வருதுங்களே சித்தப்பா, மட்கார்டு ஓரத்துல உரசாதுங்களா?"

"ஓரத்தை உள்ளுக்கு மடிச்சு விட்டாப் போதும் கண்ணு. உரசாது."

"எங்கப்பா மாட்டுனதும் இதே அளவுதானுங்களே."

"ஆமா" என்றார். ஸ்கேல் கையிலேயே இருந்தது.

"தாத்தா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. பவுசுக்கு வீலை வெளிய தள்ளி மாட்டுனான், அதுலயே போயிட்டான்னு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் அதே பேச்சுதான். நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேனுங்க. பேரிங் சீக்கிரம் போகும், ஸ்டீரிங் கனக்கும், டயர் உரசும். அதுக்காக வீல் கழலாது. பின்ன எதுக்குங்க கழண்டுச்சு? மாட்டுனது நீங்கதானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் வந்தேன்."

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள், ஸ்டூலில் உட்கார்ந்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டாள். தண்டபாணி பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

என்ன பார்ப்பது, பார்த்ததைத்தானே இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின் ஹப்புக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். சக்கரம் போய் ஒட்டுகிற வட்டமான இரும்பு முகம், விரித்த உள்ளங்கை அகலம், நட்டு ஏறுகிற நான்கு ஸ்டட் நீட்டிக்கொண்டிருந்தது. கம்பி பிரஷால் தேய்த்தார், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் துடைத்தார், பிறகு கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் துடைத்தார். கோயமுத்தூரில் இவரளவுக்கு ஹப் துடைக்கிற ஆள் கிடையாது என்று பெயர், தொழில் சுத்தம் என்றால் தண்டபாணிதான் என்று மற்ற பட்டறைக்காரர்களே வாய்விட்டுச் சொல்லுவார்கள், இவருடைய வேலையாட்கள் மட்டும் மறைவில் 'அபிஷேகம் ஆரம்பிச்சுட்டாரு' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எதற்குத் துடைக்கிறார் என்று தெரிந்தால் சிரிப்பு வராது. விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், இல்லை, நகம்தான், வயசானால் நகமும் மஞ்சளாகிறது. என்னடா தண்டு, இன்னும் துடைச்சு முடிக்கலையா? அண்ணன் குரல். அவர் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும், பயமே அதுதான், யாராவது இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, காலைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை சொல்லிவிடலாம். அண்ணனுக்கு வண்டியில் ஏறுமுன் முன் டயரைச் செருப்பு நுனியால் இரண்டு தட்டுத் தட்டுகிற பழக்கம் உண்டு, டொப் டொப் என்று, அந்தச் சத்தம் இந்தப் பட்டறையில் எப்போது வேண்டுமானாலும் வரும், டயரை உருட்டிப் போட்டால் வரும், மழைத்தண்ணீர் தகரத்தில் சொட்டினால் வரும், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து முதல் கவளம் எடுக்கும்போது ஒரு காரணமும் இல்லாமல் வரும், கவளம் அப்படியே நின்றுவிடும். அண்ணன் முப்பத்துமூன்றிலேயே நின்றுவிட்டார். இவர் ஐம்பத்துமூன்றுக்கு வந்துவிட்டார். இப்போது ரோட்டில் எதிரே பார்த்தால் அண்ணன்தான் இவரை ஏனுங்க என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும்.

மட்கார்டின் ஓரத்தை உருட்டி மடிக்கிற கருவியை ஹப்பில் பொருத்தினார், ஹீட்டரால் பெயிண்டைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உருட்டினார். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் பெயிண்ட் வெடித்துவிடும். பொறுமைசாலி என்றும் அவருக்குப் பெயர் உண்டு. யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று இரண்டு பேருக்கும் நல்லவனாகத் தீர்த்துவைக்கிற ஆள், அதில் ஒரு பெருமை, அந்தப் பெருமைதான் அன்றைக்கும் வாயைத் திறந்தது. ஆயுத பூஜை நாள். பட்டறையில் ஸ்பானர் முதல் ஜாக்கி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பொட்டலம் போட்டு, ஊதுபத்திப் புகைக்கு நடுவில் அண்ணன் அந்தப் புதுச் சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினார், வெள்ளி மாதிரி மினுங்கின. அடுத்த ஞாயிறு நண்பர்களோடு வால்பாறைக்கு வண்டி ஓட்டிப் போகிற ஏற்பாடு, அதற்குள் மாட்டியாக வேண்டும். கோகிலாண்ணி இடுப்பில் குழந்தையோடு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். புதுச் சக்கரத்துக்குப் பொட்டு வைக்காமல் எப்படி. அண்ணன் விடவில்லை, வீலு மேல கை வெச்சீன்னா கறை புடிச்சுக்கும், உன்ற பக்தியெல்லாம் வீட்டோட வெச்சுக்க என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அண்ணி அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை இவருக்கு, அப்போது முப்பத்தொரு வயது, அறிவு கொஞ்சம், இளகின மனசு நிறைய. அண்ணி, ஒண்ணு பண்ணுங்க, வெளிய வெச்சாத்தானே அண்ணன் வைவாரு, உள்ள வெச்சிருங்க, இந்த எடத்துல, மேல வீலை மாட்டிட்டா ஆருக்கும் தெரியாது, மழை பேஞ்சாலும் அழியாது. அண்ணி சிரித்துவிட்டாள். நான்கு ஹப்பிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். குழந்தை கையை நீட்டியது, அதன் விரலிலும் கொஞ்சம் தடவினாள். இவர் அதன்மேல் சக்கரத்தை வைத்து நட்டை இறுக்கினார். டீ குடித்துவிட்டு வந்த அண்ணன் சக்கரத்தில் ஒரு பொட்டும் இல்லாததைப் பார்த்துத் திருப்தியானார், அண்ணியும் திருப்தியானாள், யாருக்கும் மனசு நோகாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டோம் என்று இவர் அன்று இரண்டு பொரிப் பொட்டலம் அதிகமாகச் சாப்பிட்டார்.

ஈரச் சந்தனம். இரும்பும் இரும்பும் முகத்தோடு முகம் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு கனம். இறுக்கும்போது இறுகின மாதிரிதான் இருக்கும், கை ஏமாந்துவிடும். ஒரு வாரத்தில் காயும், பிரேக் சூட்டில் பொடியாகும், பொடி உதிரும், உதிர்ந்த அளவுக்கு நட்டு தளரும். சக்கரம் வெளியே தள்ளியிருந்ததால் வளைவுகளில் கொஞ்சம் கூடுதலாக ஆட்டியிருக்கும், அவ்வளவுதான் ஆஃப்செட் செய்த குற்றம். புதுச் சக்கரம் மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நட்டை ஒருமுறை இறுக்கிக்கொள்ள வேண்டும், எல்லாரிடமும் சொல்லுவார், அண்ணனிடமும் சொன்னார். சொன்னாரா? சில நாள் ஞாபகத்தில் இவர் ஷட்டருக்கு அடியில் நின்று கையை உயர்த்தி அம்பது கிலோமீட்டர்ணா என்று சத்தமாகச் சொல்லுகிறார், அண்ணன் ஜன்னலில் கையை ஆட்டுகிறார். சில நாள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள், இவர் வாயைத் திறக்கிறார், வண்டி போய்விடுகிறது. கை ஆட்டுகிற ஞாபகத்தில் அண்ணன் நீலச் சட்டை போட்டிருக்கிறார். அன்று அவர் போட்டிருந்தது வெள்ளை. பூஜைக்கு எடுத்த போட்டோவில் வெள்ளைதான் இருக்கிறது, இவர் பார்த்துவிட்டார். அப்படியானால் நீலச் சட்டை எங்கிருந்து வந்தது, எந்த நாளிலிருந்து எடுத்துவந்து இதில் ஒட்டிக்கொண்டார், தனக்கு வேண்டியதைத் தானே தைத்துக்கொள்கிற புத்தியை எதை நம்பி விசாரிப்பது. ரோலர் கருவி கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது. கையை எடுத்தார். பெயிண்ட் வெடிக்கவில்லை.

ஆழியாறு தாண்டி மலையேறும்போது பதினோராவது வளைவு. போன் வந்து இவர் இழுவை வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது அண்ணனை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கார் பாறையில் சாய்ந்து கிடந்தது. இடது முன் சக்கரம் கீழே புதரில் விழுந்திருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு. அந்த ஹப்பைப் பார்த்தார். மஞ்சள் பொடி, நடுவில் சிவப்பு. மற்ற மூன்று சக்கரங்களின் நட்டையும் விரலால் திருகிப் பார்த்தார், வெறும் விரலுக்கே சுற்றின. பிரேக் இன்ஸ்பெக்டர் வர இன்னும் நேரம் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். அது நினைத்துச் செய்ததா கை தானாகச் செய்ததா என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. மற்ற மூன்றையும் வண்டி பட்டறைக்கு வந்தபின் கழற்றித் துடைத்தார். திரும்பும் வழியில் ஆழியாற்றில் இறங்கித் துண்டை அலசினார், மஞ்சள் தண்ணீரில் ஒரு முழம் போயிற்று, பிறகு காணாமல் போயிற்று. இன்ஸ்பெக்டர் கம்பெனி அளவில் இல்லாத சக்கரம் என்று எழுதினார், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது, அண்ணனின் அப்பா பிடித்துக்கொண்டார், செத்தவன் பேரில் பவுசு என்று எழுதி மூடிவிட்டார்கள். இவர் வாயை மூடிக்கொண்டது கோகிலாண்ணிக்காக. உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு வந்த கெட்ட பேர் போய்விடும், ஆனால் பொட்டு வைத்த கை யாருடையது என்கிற கேள்வி வரும், அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படி உயிரோடு இருப்பாள். ஆமாம், அண்ணிக்காகத்தான். அப்படியே சொல்லிக்கொண்டு பாதி வழி போவார், அதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வரும், அண்ணிக்காகவா, வைக்கச் சொன்ன வாய் யாருடையது, மேலே சக்கரத்தை வைத்து இறுக்கின கை யாருடையது, துண்டை அலசினது யாருக்காக. இரண்டு குரலும் இவருடையதுதான். வருடா வருடம் திதிக்கு அண்ணி இலை போட்டுப் பரிமாறி, நீங்க ஒருத்தர் இருக்கறீங்கன்னுதான் தெம்பு என்று சொல்லும்போது இரண்டு குரலும் சேர்ந்து அடங்கிவிடும்.

பின் சக்கரங்கள் இரண்டும் ஏறிவிட்டன. சூடு ஆறின ஓரத்துக்கும் டயருக்கும் நடுவில் விரல் போகிறது, உரசாது. முன்னால் வலது பக்கமும் முடிந்தது. இடது முன் ஹப்புக்கு வந்தபோது அவருக்குக் கால் மரத்திருந்தது, அப்படியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். துடைத்தார். தடவிப் பார்த்தார். துடைத்தார். விரலில் மஞ்சள் தெரிந்தது, இல்லை, தெரியவில்லை. துடைத்தார்.

"எத்தனை தடவைங்க சித்தப்பா துடைப்பீங்க? கண்ணாடியாட்டம் ஆயிருச்சு." தாரணி பக்கத்தில் வந்து குனிந்து நின்றாள். "எதுக்குங்க இவ்வளவு?"

"இங்க எது இருந்தாலும் நட்டு தளர்ந்துரும் கண்ணு."

"எவ்வளவு இருந்தா?"

"அர மில்லிமீட்டர் போதும். கொஞ்ச நாள்ல காஞ்சு உதிர்ந்துரும்."

ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கண் அப்படியே அண்ணனுடைய கண், அதை இத்தனை நேரம் பார்க்காமல் சமாளித்திருந்தார்.

"அன்னிக்கு இருந்துச்சுங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பாக்கலாம் என்று மறுபடி சொல்லிவிட்டு எழுந்திருக்கவும் முடியும், கால்தான் மரத்திருக்கிறது, அதுகூட நல்ல சாக்கு. இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் தன்னையே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், போலீஸ்காரர் கேட்பது போல, அண்ணனின் அப்பா கேட்பது போல, அண்ணி கேட்பது போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். இந்தப் பெண் கேட்பாள் என்று மட்டும் நினைக்கவில்லை. அப்போது அவள் இடுப்புக் குழந்தை.

"இருந்துச்சு கண்ணு."

"என்னதுங்க?"

"சந்தனம். ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு. உள்ள வெச்சா ஆருக்கும் தெரியாதுன்னு..." துடைத்த துணியைக் கீழே வைத்தார். "நான்தான் வெச்சேன். நாலுலயும். அதுமேலதான் வீலை மாட்டினேன். உங்கப்பன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த எடத்தைத் துடைச்சுட்டு வாயை மூடிட்டு இருந்தவன் நான்."

சொல்லிவிட்டார். பாதி உண்மை, பாதிப் பொய், ஆனால் பொய்யான பாதிதான் அதில் யோக்கியமான பாதி என்று அவருக்குத் தோன்றியது. அண்ணியின் கையை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் கையை வைத்துவிட்டார். இனி இவள் அடிக்கட்டும், ஊரைக் கூட்டட்டும், காறித் துப்பட்டும், எதுவானாலும் சரி, நெஞ்சில் ஏதோ ஒன்று இளகி இறங்குவது போல இருந்தது, இத்தனை லேசாகவா இருந்தது இது, இதற்கா இத்தனை வருடம்.

தாரணி அடிக்கவில்லை. ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒருமுறை போட்டு, சரிபார்க்க இன்னொருமுறை போட்டாள்.

"அம்மா வருசா வருசம் ஆயுத பூஜைக்குச் சொல்லுவாங்க சித்தப்பா" என்றாள், மெதுவாக. "உங்கப்பா விடமாட்டேன்னுட்டாரு, அவருக்குத் தெரியாம நாலு வீல்லயும் உள்பக்கமா பொட்டு வெச்சு உட்டேன், கடைசி வரைக்கும் அது அவரு கூடவே போச்சுன்னு. உங்க சித்தப்பாதான் எடத்தைக் காட்டுனாருன்னு. அதைச் சொல்றப்ப மட்டுந்தான் அவங்க அழாம அப்பாவைப் பத்திப் பேசுவாங்க."

இவர் மறைத்துக் காத்துவந்ததை அண்ணி வருடா வருடம் வீட்டில் உட்கார்ந்து ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. இந்தப் பெண்ணுக்கும் தெரியாமல்தான் இருந்தது, இரண்டு நிமிடம் முன்பு வரை. இவர் சொல்லித்தான் தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியாதுங்களே?"

"தெரியாது கண்ணு."

"வேற ஆருக்கும்?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து, சுடிதாரில் ஒட்டின தூசியைத் தட்டிக்கொண்டாள். "மத்தியானம் உங்களைச் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. என்ன சொன்னாருன்னு அம்மா கேப்பாங்க, நான் எதுக்கு வந்தேன்னு அவங்களுக்குத் தெரியும். வீலு வெளிய தள்ளி இருந்ததுதான் காரணம்னு சொல்லிருங்க. தாத்தா சொன்னது சரிதான்னு சொல்லிருங்க. நானும் கணக்கை மறுக்காப் போட்டுப் பாத்தேன், அப்படித்தான் வருதுன்னு சொல்லிக்கறேன்."

"உங்கப்பன் பேரைக் காப்பாத்தத்தானே கண்ணு நீ இத்தனையும் பண்ணுன?"

"அப்பா செத்துட்டாருங்க சித்தப்பா" என்றாள் தாரணி. "அம்மா இருக்காங்க."

பிறகு அவர் உதவிக்குக் காத்திராமல் அந்தக் கடைசிச் சக்கரத்தைத் தானே தூக்கி, முட்டியால் தாங்கி, நான்கு ஸ்டட்டும் துளைக்கு நேராக வரும்வரை மெல்லத் திருப்பினாள். உட்கார்ந்துவிட்டது. முகத்தைச் சக்கரத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டினாள், நட்டைக் கொடுக்கச் சொல்லி.